பழைய கம்ப்யூட்டரில் இரண்டு ஜாதகம்

கோவில்பட்டி
12.09.2025

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

நான் ஏதோ இருக்கிறேன். ஓசூரில் நீயும் மகளும் பேரனும் சுகம்தானே? போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அது ஜெயப்பிரியா காதிலும் விழுகிறது. அதனால்தான் கடிதம்.

விஷயம் நம் கடைக் கம்ப்யூட்டரைப் பற்றியது. தினமும் காலையில் திறந்ததும் ஒரு நோட்டீஸ் காட்டுகிறது. அக்டோபர் பதினாலோடு விண்டோஸ் பத்துக்குப் பராமரிப்பு கிடையாதாம், பதினொன்றுக்கு மாறு என்கிறது. சரி என்று அமுக்கினால், இந்த மெஷினுக்கு அந்தத் தகுதி இல்லை என்கிறது. கூப்பிடுவதும் அதுதான், வாசலில் நிறுத்தி விரட்டுவதும் அதுதான்.

ரிப்பேர் பார்க்கிற சுடலைக்குமாரைக் கூட்டிவந்து காட்டினேன். "அண்ணாச்சி, வேற மெஷின் வாங்கிருங்க. ஆனா ஒங்க ஜாதக சாப்ட்வேர் அதுல எந்திரிக்காது. அதை எழுதுன மதுரைக்காரவிய கம்பெனியை மூடிட்டுப் போய் எத்தனை வருசமாச்சு!" என்றான். புரட்டாசி பிறந்தால் விதைப்பு. பயிர்க் காப்பீட்டு விண்ணப்பம் போட ஆட்கள் வந்து நிற்பார்கள். அதற்குப் புதுசு வேண்டும், ஜாதகத்துக்குப் பழசு வேண்டும். யோசிக்கவே அலுப்பாக இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஜாதகம் அடித்தவள் நீ. நீயே சொல்.

எப்போது வருகிறாய்? கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது. இருந்தாலும் கேட்கிறேன்.

உன்,
கிருஷ்ணராஜ்

~

ஓசூர்
21.09.2025

ஜெயப்பிரியா அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. வாங்கும்போது என்னைக் கேட்டா வாங்கினீர்கள்? மாற்றும்போது மட்டும் என் யோசனை எதற்கு? மாற்றினாலும் சரி, தலையைச் சுற்றித் தூக்கி எறிந்தாலும் சரி. மறுபடி அதன் முன்னால் என்னை உட்காரச் சொல்லாமல் இருந்தால் போதும். கழுத்துவலி இன்னும் போகவில்லை.

நான் வராததற்குப் பேரனைப் பார்க்க ஆள் இல்லை என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். அது பாதி உண்மை. மீதி உங்களுக்கே தெரியும்.

இன்னொரு சங்கதி. ஜெயப்பிரியா ஆபீஸில் பாண்டியராஜன் என்று ஒருவர். மனைவி தவறி நான்கு வருஷம் ஆகிறதாம், பிள்ளை இல்லை. இவளைக் கேட்கிறார்கள். கட்டிய அந்த மனுஷனை விட்டு வந்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன ஞாயிறு தானாகவே பூ வாங்கி வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மா ஜாதகம் கேட்கிறார்கள். மெஷினில் இருப்பதை அழித்துத் துடைப்பதற்கு முன்னால் ஜெயப்பிரியா ஜாதகத்தை எடுத்து அனுப்புங்கள். பிரஷர் மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள்.

முத்துச்செல்வி

~

கோவில்பட்டி
29.09.2025

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

ஜாதகத்தை எடுக்கத்தான் உட்கார்ந்தேன். எடுக்க முடியவில்லை. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

ஜெயப்பிரியா பெயரில் இரண்டு ஜாதகம் இருக்கிறது. ஒன்றில் பிறந்த நேரம் மாலை நான்கு பத்து. நீ ஏற்றியது. இன்னொன்றில் நான்கு முப்பத்தைந்து. நான் ஏற்றியது.

முதல் கல்யாணத்துக்கு அந்த ஓசூர் வரன் வந்தபோது பையனுக்குச் செவ்வாய் தோஷம், தோஷமுள்ள பெண்தான் வேண்டும் என்றார்கள். நம் பிள்ளைக்கோ தோஷம் இல்லை. நல்ல வேலை, நல்ல குடும்பம், விட மனசில்லை. நேரத்தை முன்னே பின்னே தள்ளிப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம் தள்ளினால் அவளுக்கும் எட்டில் செவ்வாய் வந்துவிட்டது. அதை அடித்துக் கொடுத்துவிட்டேன். ஊரில் எத்தனையோ பேருக்குக் கையைப் பிடித்துக் கெஞ்சினார்கள் என்று இப்படிச் செய்து கொடுத்தவன்தான் நான். சொந்தப் பிள்ளைக்கும் அதையேதான் செய்தேன்.

அவன் குடித்துவிட்டு வந்து அவளை அடித்தான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து நான் நிம்மதியாகச் சாப்பிட்டதில்லை. தோஷம் இல்லாத பெண்ணைத் தோஷக்காரனுக்குக் கொடுத்த பாவி நான்தான். உன் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் இருந்தேன். நீ கிளம்பியபோது தடுக்காததும் அதனால்தான்.

இப்போது எதை அனுப்பட்டும்? உன்னுடையதுதான் நிஜம். அதையே அனுப்பட்டுமா?

கிருஷ்ணராஜ்

~

ஓசூர்
08.10.2025

ஜெயப்பிரியா அப்பாவுக்கு,

நிஜத்தைச் சொல்கிறேன். உட்கார்ந்து படியுங்கள்.

அவள் பிறந்தது நான்கு முப்பத்தைந்துக்கு. நர்ஸம்மா கடிகாரத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது என் காதில் விழுந்தது. நீங்கள் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்து சேர ராத்திரி ஆகிவிட்டது. அதற்குள் எங்கம்மா ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். செவ்வாய் எட்டில், பிள்ளைக்குக் கல்யாணம் ஆவது கஷ்டம், கால் மணி நேரம் முன்னால் பிறந்திருந்தால் தப்பியிருக்கும் என்றாராம். நானும் அம்மாவும் சேர்ந்து நான்கு பத்து என்று சொல்லிவிட்டோம். பிறகு கம்ப்யூட்டர் வந்ததும் நானே அதை அடித்து ஏற்றினேன்.

நீங்கள் பொய்யாக அடித்துக் கொடுத்தது இருக்கிறதே, அதுதான் அவளுடைய நிஜ ஜாதகம்.

கல்யாணத்துக்குக் கொடுத்த பிரிண்டில் நான்கு முப்பத்தைந்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. எப்படியோ நிஜத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் திருத்திவிட்டீர்கள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீங்கள் பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும், இவர் என் பொய்யை மனசில் வைத்துக்கொண்டுதான் பேசவில்லை என்றே எனக்குப் பட்டது. மீதி உங்களுக்கே தெரியும் என்று எழுதினேனே, அது இதுதான். உங்களுக்கோ ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் ஆளுக்கொரு பொய்யை வைத்துக்கொண்டு, அடுத்தவர் கேட்பார் கேட்பார் என்று பயந்து கிடந்திருக்கிறோம். என்ன ஜென்மங்களோ நாம்.

எதையும் அனுப்ப வேண்டாம்.

முத்துச்செல்வி

~

கோவில்பட்டி
18.10.2025

அன்புள்ள முத்துச்செல்விக்கு,

உன் கடிதத்தைக் கடையை அடைத்துவிட்டு நான்கு தடவை படித்தேன். முதலில் சிரிப்பு வந்தது. பாவம் என் தலையில் இல்லை என்று ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகு யோசித்தேன். அப்படியானால் தோஷத்துக்குத் தோஷம் சரியாகத்தான் சேர்ந்திருக்கிறது, பொருத்தத்தில் ஒரு குறையும் இல்லை. பிறகு ஏன் அவன் அப்படி அடித்தான்? இந்தக் கேள்விக்கு என் மெஷினில் பதில் இல்லை. நாலு இடத்தில் விசாரித்திருந்தால் அவன் குடிக்கிற விஷயம் தெரிந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை, கட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

வேறு மெஷின் வாங்கிவிட்டேன். யாரோ கொஞ்ச நாள் வைத்திருந்தது, பதினொன்று ஓடுகிறது. எழுத்தெல்லாம் பெரிதாக இருக்கிறது, எது எங்கே என்றுதான் தெரியவில்லை. பழையதைத் துடைத்துவிடச் சொன்னேன். "ஜாதகம் அம்புட்டும் போயிரும், பரவாயில்லையா அண்ணாச்சி?" என்று சுடலைக்குமார் இரண்டு தடவை கேட்டான். இரண்டு தடவையும் பரவாயில்லை என்றேன். நேற்று சாமித்துரை பொருத்தம் பார்க்க வந்தார். இனி இங்கே பார்ப்பதில்லை என்றதும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

ஜெயப்பிரியாவிடம் சொல்லிவிடு. எனக்கு அவளுக்கு எழுதத் தைரியம் வரவில்லை.

கிருஷ்ணராஜ்

~

ஓசூர்
06.11.2025

ஜெயப்பிரியா அப்பாவுக்கு,

சொல்லிவிட்டேன். தைரியம் இல்லை என்று நீங்கள் ஒதுங்கிக்கொண்டீர்கள், நான் அவள் எதிரில் உட்கார்ந்து சொல்ல வேண்டியதாயிற்று.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. "இத்தனை நாளா என் நேரந்தான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேம்மா. அவன் அடிக்கையிலகூட அதையேதான் நெனச்சேன்" என்றாள். மூன்றாம் நாள் என் எதிரிலேயே பாண்டியராஜனின் அம்மாவுக்குப் போன் போட்டாள். ஜாதகம் கிடையாது, பிறந்த நேரமும் யாருக்கும் தெரியாது, இப்படியே சம்மதம் என்றால் வாருங்கள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்தம்மா இன்னும் பதில் சொல்லவில்லை. வருவார்களோ மாட்டார்களோ, அது இனி அவள் பாடு.

பிறகு என் சேலைகளை அவளே மடித்துப் பையில் வைத்தாள். "நீங்க ஊருக்குப் போங்கம்மா. பகல்ல பிள்ளையக் காப்பகத்துல விட்டுக்கிடுதேன். எனக்குன்னு நீங்க ரெண்டு பேரும் ஒரு நல்லதும் பண்ணாம கொஞ்ச நாள் இருங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது இங்கேயே இருந்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள்.

நானாக மனசு மாறி வருகிறேன் என்று நினைத்துச் சந்தோஷப்பட வேண்டாம். அனுப்பிவிட்டாள், வருகிறேன். பதினேழாம் தேதி திங்கட்கிழமை காலை தூத்துக்குடி வண்டியில் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள். தனியாக வந்து அந்த வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தெம்பு இல்லை.

முத்துச்செல்வி