மடை திறக்கிறவன் சொன்ன பொய்

அன்பு மகள் மாரிச்செல்விக்கு அய்யா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், மிளகாய்ச் செடியும் ஒருவாறு சுகம், அந்த ஜெர்மனிக் குளிரில் நீ சுகமாக இருக்க உத்தரகோசமங்கை சாமியை வேண்டிக்கொண்டிருக்கிறோம். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ ஒரு கேள்வி கேட்டால் நான் ஒன்பது பொய் சொல்வேன், காகிதம் என்றால் அடித்துத் திருத்தலாம்.

பொங்கலுக்கு நீ வந்தபோது ஊரில் பாதிப் பேர் சர்க்கரை ரிப்போர்ட்டோடு உன்னிடம் ஏன் வந்தார்கள் என்று கேட்டாயே, காரணம் நான்தான். எச்.ஐ.வி. கிருமியை ஆராய்கிறாள் என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் வாசலை மிதிக்க மாட்டார்கள் என்று பயந்து, சர்க்கரை நோய் ஆராய்ச்சி என்று மூன்று வருஷமாக டீக்கடையில் அளந்துவிட்டிருக்கிறேன். அதில் எனக்கு மரியாதை கூடி, யார் வெந்தயம் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்குப் போய்விட்டேன். ஏழாம் வகுப்பில் ஃபெயிலானவனுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

போன மாசம், நம் புஞ்சையில் மிளகாய் பறிக்க வருகிற நாகஜோதி, எல்லாரும் போன பிறகு ஒரு மாத்திரை டப்பாவைக் காட்டி, அண்ணே, மாரி சீனி நோய்க்குப் படிக்கிதாம்ல, இந்த எச்.ஐ.வி.க்கு யாராச்சும் படிக்கிறாகளான்னு கேட்டுச் சொல்லுங்க என்றாள். செத்துப்போன புருஷன் கொடுத்துவிட்டுப் போன நோயாம். ரத்தத்தில் கிருமியே தெரியவில்லை என்று ரிப்போர்ட் வந்ததும், இனி எதற்கு என்று இரண்டு மாசமாக மாத்திரையை நிறுத்திவிட்டாளாம். கிருமி எங்கேயும் போகவில்லை, உடம்புச் செல்லுக்குள் நம் மரபணுவோடு ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கிறது, தன்னை நகல் எடுக்க அதற்குச் சொந்த ஆள்பலம் போதாது, நம் செல்லின் புரதங்களே அந்த வேலையைச் செய்து கொடுக்கின்றன, சில அடைத்து வைக்கும், சில திறந்துவிடும் என்று நீதானே சொன்னாய். அய்யா, நீங்க கம்மா மடையத் திறக்கிற மாதிரிதான் என்றாய். ஊருக்கே நீர்பாய்ச்சியான என்னைக் கிருமிக்கு வேலைக்காரன் ஆக்கிவிட்டாளே என்று அன்று கோபித்துக்கொண்டேன். அதே மடையைத்தான் அவளிடம் சொன்னேன். வயலில் தண்ணீர் தெரியவில்லை என்றால் மடை அடைத்திருக்கிறது, கண்மாய் வற்றிவிடவில்லை, மடை திறந்தாலும் வெளியே வந்த கிருமி பரவாமல் மறிப்பது மாத்திரைதான் என்றேன். சட்டென்று புரிந்துகொண்டாள். புரிந்துகொண்டு, அப்ப மாரி இதத்தான் படிக்கிதா, ஏண்ணே சீனின்னு சொன்னீக, நாங்க அம்புட்டுக் கேவலமா என்று கேட்டாள்.

மறுநாள் நானும் உன் அம்மாவும் அவளை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஊர்க்காரன் எவனாவது பார்த்துவிடுவானோ என்று துண்டால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தேன், உன் அய்யாவின் வீரம் அவ்வளவுதான். துண்ட எடுங்கண்ணே, வேர்க்குது என்று அவள்தான் சொன்னாள். எடுத்தேன். ரத்தம் சோதித்து, மறுபடி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அன்று சாயங்காலமே டீக்கடையில் உன் ஆராய்ச்சி என்னவென்று உண்மையைச் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாண்டீஸ்வரன் எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். நாகஜோதி விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடவில்லை, உனக்கு எழுதுவதும் அவளிடம் கேட்டுத்தான். உன் படிப்பைச் சொல்ல வெட்கப்பட்டேன் மகளே, அது இப்போது எனக்கு நெஞ்சை அறுக்கிறது. மன்னித்துக்கொள்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ நீடூழி நன்றாக இருப்பாய். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நம்மூர் நேரம் இரவு எட்டு மணிக்கு நீ கூப்பிட்டால் லைன் கிடைக்காது. அது நாகஜோதி மாத்திரை போடுகிற நேரம், அவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டு உன்னிடம் பேசுகிறேன்.

இப்படிக்கு,
எச்.ஐ.வி. ஆராய்ச்சி செய்கிற மாரிச்செல்வியின் அய்யா,
மலையாண்டி