சீலின் மேல் வைத்த பொட்டு

இன்று காலை என் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டில் சந்தனம் அப்பி, அதன் நடுவே குங்குமம் வைத்திருந்தது. ஆயுத பூஜை. குடியிருப்பின் வாட்ச்மேன் கீழே நின்ற எல்லா வண்டிகளுக்கும் பொட்டு வைத்து முடித்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். நான் கைக்குட்டையை நனைத்து, எண்ணின் மேல் இருந்ததை மட்டும் துடைத்தேன்.

"இன்னா மேடம், நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிக்கிறீங்கோ?"

"நம்பர் தெரியணும்" என்றேன்.

அவருக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. உனக்குப் பட்டிருக்கும். நீ இல்லாமல் வருகிற முதல் ஆயுத பூஜை இது. தண்ணீரில் கரைந்த சந்தனத்தின் வாசனையும் நசுங்கிய எலுமிச்சையின் வாசனையும் சேர்ந்து வந்தபோது, ஏற்றுமதி மண்டலத்தின் கேட்டில் நாம் நின்ற அந்த மத்தியானம் அப்படியே திரும்பி வந்தது. இத்தனை வருடம் கழித்தும்.

தாம்பரத்தில், ஏற்றுமதி மண்டலத்தின் கேட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒரே அறையில் இருந்தது நம் சங்கம். மண்டலத்துக்குள் சிறிய அளவில் தொழில் நடத்தியவர்களின் வர்த்தக சங்கம். சம்பளம் வாங்கியது நாம் இரண்டே பேர். நான் எம்.ஏ. பொருளாதாரம் படித்தவள் என்பதால் மனுக்களும் சுற்றறிக்கைகளும் என் பங்கு. கேட்டும் சுங்க அறையும் உன் பங்கு. அந்தச் சுவருக்கு உள்ளே இருப்பது சட்டத்தின் கண்ணில் ஏறக்குறைய வெளிநாடு. ரிப்பேருக்கு ஒரு மோட்டாரை வெளியே எடுத்துப் போவதற்கும் அதிகாரியின் அனுமதி வேண்டும். அந்த அனுமதிகளுக்காக நீ வெயிலில் நடந்துகொண்டே இருந்தாய்.

எனக்குச் சங்கத்தின் மேல் பெரிய மரியாதை இருந்ததில்லை. கூட்டம் என்றால் சமோசா, டீ, கடைசியில் ஒரு குரூப் போட்டோ. ஒருவரோடு ஒருவர் போட்டி போடுகிறவர்கள் மாதத்தில் ஒரு நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரிப்பதற்கு ஒரு சங்கமா என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன். நீ சமோசாவின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு, "சமோசா நல்லா இருக்குல்ல? அத ஒத்துக்கோ முதல்ல" என்பாய்.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. கன்டெய்னரில் சரக்கை ஏற்றிக் கதவை மூடி, வழியில் யாரும் திறக்காமல் இருக்க அதிகாரி எண் போட்ட இரும்புச் சீலைப் பூட்டியதும், அதன் எண்ணை நீ சத்தமாகப் படிப்பாய். அங்கே நிற்கிற யாராவது ஒருவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டாய். காகிதத்தில்தான் எண் இருக்கிறதே, இது என்ன மந்திரமா என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்க வீட்ல ஜெபமாலை சொல்றப்ப பாதிய ஒருத்தர் சொல்லுவாங்க, மீதிய மத்தவங்க சொல்லுவாங்க. தனியா முழுசும் சொன்னா அம்மாவுக்குத் திருப்தியா இருக்காது. அந்த மாதிரின்னு வச்சுக்கோ."

எனக்கு உன் ஜெபத்திலும் நம்பிக்கையில்லை, உன் பழக்கத்திலும் இல்லை. சிரித்துவிட்டு என் மனுவுக்குத் திரும்பினேன்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்கு முதல் நாள் சிவராமனின் யூனிட்டிலிருந்து ஒரு கன்டெய்னர் கிளம்ப வேண்டியிருந்தது. ஷூவின் மேல்பாகத்தைத் தைத்து அனுப்பும் சின்ன யூனிட். படப்பையிலிருந்தும் பொழிச்சலூரிலிருந்தும் வரும் பெண்கள்தான் தையல் வரிசை முழுவதும். முந்தைய சரக்கு தாமதமாகப் போயிருந்ததால், இந்தக் கப்பலைத் தவறவிட்டால் இனி ஆர்டர் கிடையாது என்று வெளிநாட்டுக்காரர் சொல்லியிருந்தார். சிவராமனுக்கு வேறு ஆர்டர் இல்லை. வண்டி அன்று கிளம்பாவிட்டால் தீபாவளிக்கு முன்பே யூனிட் மூடப்படும் என்பது அங்கே தைத்த ஒவ்வொருத்திக்கும் தெரியும்.

காலையில் சீல் பூட்டியாயிற்று. நீ எண்ணைப் படித்தாய், டிரைவர் திருப்பிச் சொன்னார். மறுநாள் விடுமுறை என்பதால் யூனிட்டின் பூஜை அன்றே, அதன் பிறகுதான். மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்த பெண்கள், வாசலில் நின்ற டிரெய்லரைச் சும்மா விடுவார்களா? முகப்புக்கு, டயருக்கு, கதவுக்கு, கடைசியில் அந்தச் சீலுக்கும் சந்தனம், குங்குமம். எண் மறைந்துவிட்டதே என்று டிரைவர் கத்தியதும், செக்கிங்கில் இருந்த வள்ளி அக்கா ஓடிப்போய், தோலில் ஒட்டிய பசையை எடுக்கத் தினமும் கையாளும் தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தார். பொட்டு போயிற்று. சீலின் மேல் அச்சிட்டிருந்த எண்ணில் பாதியும் அதோடு போயிற்று.

கேட்டில் வண்டி நின்றுவிட்டது. எனக்கு போன் செய்து கூப்பிட்டாய். நான் வந்தபோது வள்ளி அக்கா அந்தத் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். கோவளத்தில் மீன் விற்கும் குடும்பம் அவர்களுடையது. யாரிடமும் குரல் தாழ்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்று குரலே எழும்பவில்லை.

"பொட்டு மட்டும் போவும்னு நெனச்சேன் மேடம். நம்பரும் சேந்து பூட்சு."

அதிகாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சவாவது வழி இருந்திருக்கும். "நான் தப்பு நடந்துச்சுன்னு சொல்லலம்மா. காலைல நான் பூட்டின சீல் இதுதானான்னு எனக்குத் தெரியல. தெரியாம எப்படி அனுப்புவேன்?" என்றார். மறுநாள் ஆயுத பூஜை, அதற்கடுத்த நாள் விஜயதசமி, இரண்டும் விடுமுறை. அலுவலகம் திறப்பதற்குள் கப்பல் போய்விடும். இருட்டுவதற்குள் வண்டி கிளம்பினால்தான் துறைமுகத்தில் உள்ளே விடுவார்கள். ஜி.எஸ்.டி. சாலை ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

சங்கத் தலைவர் போனில் வந்தார். மேலே ஒருவரைத் தெரியும், அஞ்சே நிமிடத்தில் பேசி முடிக்கிறேன் என்றார். சிவராமனின் முகத்தில் உயிர் வந்தது. நீ போனை வாங்கினாய்.

"வேணாம் சார். மேல பேசுனா இந்த ஒரு வண்டி போயிடும். அடுத்த மாசத்துலேந்து நம்ம வண்டி ஒவ்வொண்ணும் நிக்கும். நாங்க பாத்துக்கறோம்."

பிறகு அதிகாரியிடம் போய், கன்டெய்னரைத் திறந்து சோதித்துவிட்டுப் புதுச் சீல் போடும்படி நீயே கேட்டாய். சிவராமன் பதறினார். பாதிப் பெட்டிகளையாவது இறக்காமல் சோதிக்க முடியாது. ஏற்றி இறக்கும் ஆட்கள் பூஜைப் பொரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மேற்கே வானம் கறுத்துக்கொண்டிருந்தது. தோலில் மழை பட்டால் அதோடு முடிந்தது. இதற்கு நடுவே அதிகாரி ஒன்று கேட்டார்: உள்ளே சொன்ன சரக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று சங்கத்தின் சார்பில் யார் பொறுப்பேற்பது?

"நான்" என்றாய்.

உன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். ஏதாவது தப்பு வந்தால் உன் கேட் அனுமதி போகும். அதோடு உன் வேலையும்.

"உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. சிவராமன் சாரத் தெரியும்."

"எனக்கும் தெரியும். அதனாலதான் கேக்கறேன்."

உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி கிளம்பிவிட்டது என்று அவர் சொல்கிற நாட்களில் வண்டி வந்தே இருக்காது என்பது நம் இருவருக்கும் தெரியும். சின்னப் பொய்க்காரர் பெரிய பொய்யும் சொல்வார் என்பது என் கணக்கு. நீ அதை மறுக்கவில்லை. "பயமாத்தான்டி இருக்கு. ஆனா இப்ப ஒதுங்கிட்டு, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுகிட்டு சங்கம்னு சொல்லிக்கறது?" என்று மட்டும் சொன்னாய்.

அதன் பிறகு நீ யூனிட் யூனிட்டாகப் போன் செய்தாய். வந்தவர்களில் நான் எதிர்பார்க்காதவர் எதிர் யூனிட்டின் முதலாளி பாய். அந்த ஆர்டரை அவரிடமிருந்துதான் சிவராமன் தட்டிப் பறித்திருந்தார். தார்ப்பாய்களோடும் தன் ஆட்களோடும் வந்து இறங்கினார்.

"உன் வண்டி நின்னா எனக்கு சந்தோஷம்தான் சிவராமா, பொய் சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கு என் வண்டி நிக்கும். அப்ப நீ வரணும். வரலேன்னா பாரு."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. நல்ல மனது, ஒற்றுமை என்றெல்லாம் அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கட்டர் வைத்துச் சீலை அறுத்தார்கள். தார்ப்பாய்க்குக் கீழே பெட்டிகள் இறங்கின. அதிகாரி அங்கொன்று இங்கொன்றாகப் பெட்டிகளைத் தேர்ந்து பிரித்துப் பார்த்தார். காற்று தார்ப்பாயைத் தூக்கியது. பெண்கள் வீட்டுக்குப் போகாமல் அதன் ஓரங்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் பெட்டிகளைப் பார்க்காமல் சிவராமனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெட்டியில் அதிகாரியின் கை நின்றது. மற்றதெல்லாம் சாதாரணப் பழுப்பு டேப். இதில் மட்டும் பச்சை எழுத்து அச்சிட்ட டேப்.

"இது ஏன் வேற மாதிரி இருக்கு?"

சிவராமன் குனிந்து டேப்பைப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ அந்தப் பெட்டியைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

பாய் எட்டிப் பார்த்தார். "அட, அது என் டேப்பு! என் கம்பெனி பேரு போட்டிருக்கு பாருங்க. என் டேப்பு எப்படிய்யா உன் பெட்டில வந்துச்சு?"

தார்ப்பாயின் மறுமுனையிலிருந்து வள்ளி அக்காவின் குரல், அன்று முதல்முறையாக முழுச் சத்தத்தில், கேட்டது.

"இன்னா பாய், ஒரு டேப்புக்கு இம்மாம் கூவு கூவுறீங்கோ? கடேசி பொட்டிக்கு தீந்துபூட்சு. ஒங்க பேக்கிங் பொண்ணாண்டதான் வாங்கியாந்தேன். வேணும்னா லீவு முடிஞ்சி ரெண்டு டேப்பா குடுத்துர்றேன்."

முதலில் சிரித்தது அதிகாரிதான். ஆனாலும் பெட்டியைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஷூவின் மேல்பாகங்கள், காகிதம் சுற்றி, அடுக்கு குலையாமல். நீ அப்போதுதான் மூச்சு விட்டாய். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

பெட்டிகளை மறுபடி ஏற்றி, கதவை மூடி, புதுச் சீல் போட்டார்கள். நீ குனிந்து எண்ணைச் சத்தமாகப் படித்தாய். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. டிரைவர் முன்பக்கம் ஏறிவிட்டிருந்தார், சிவராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நீ நிமிராமல் காத்திருந்தாய். நான் சொன்னேன். ஒவ்வொரு இலக்கமாக. நீ தலையாட்டிவிட்டு நகர்ந்தாய், கிண்டல்கூடச் செய்யாமல். வண்டி கேட்டைத் தாண்டி வடக்கே திரும்பும்போது மழை தொடங்கியது.

சரக்கு கப்பல் ஏறியது. அடுத்த ஆர்டரும் வந்தது. ஆனால் சில வருடங்கள் கழித்து வெளிநாடுகளில் வாங்குவது நின்றபோது சிவராமனின் யூனிட் மூடப்பட்டது. நம் சங்கத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. நான் எழுதிய மனுக்களுக்கு வந்த பதில்கள் உனக்குத் தெரியும். பூட்டிய யூனிட்டைத் தாண்டி நடந்தபோது உன்னிடம் கேட்டேன், அப்படியானால் அன்றைக்கு நாம் எதைத்தான் காப்பாற்றினோம் என்று.

நீ யோசித்துத்தான் சொன்னாய். "அந்த வருஷ தீபாவளிய. அதுக்கடுத்த ரெண்டு மூணு தீபாவளிய. போதாதாடி?"

போதும் என்று நான் அன்றும் சொல்லவில்லை. இன்றும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. வள்ளி அக்கா பாயின் யூனிட்டில் சேர்ந்துகொண்டார், அதுவும் நீ பேசித்தான். உன் பதிலைவிட அது எனக்குப் புரிந்தது.

உன் நோயைப் பற்றி நீ அதிகம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நம் இருவருக்கும் அதுதான் வழக்கம். பொழிச்சலூர் வீட்டில் உன்னைக் கிடத்தியிருந்தபோது ஜெபமாலை சொன்னார்கள். உன் அண்ணன் பாதியைச் சொன்னார், மற்றவர்கள் மீதியைச் சொன்னார்கள். கூரைக்கு மேலே விமானம் இறங்கும் சத்தத்தில் அவர் குரல் மறைந்தபோதும் மற்றவர்கள் தங்கள் பாதியைத் தவறவிடவில்லை. எனக்கு வார்த்தைகள் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. ஆனால் பதில் வர வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் என் வாய் தானாகத் திறந்தது.

சங்கத்தைவிட்டு நான் வந்து நெடுநாளாகிறது. உன் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. கரன்ட் பில்லின் எண், மருந்துச் சீட்டில் தேதி, வங்கியில் டோக்கன், எதுவானாலும் வாய்விட்டுப் படிக்கிறேன். படித்துவிட்டு ஒரு நொடி நிற்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் வினோதமாகப் பார்க்கிறார்கள்.

இன்று காலையும் அப்படித்தான். நம்பர் பிளேட்டைத் துடைத்துவிட்டு, பழக்க தோஷத்தில், எண்ணைச் சத்தமாகப் படித்துவிட்டு நின்றேன். எலுமிச்சம்பழக் கூடையோடு அடுத்த வண்டிக்கு நகர்ந்த வாட்ச்மேன், தன்னிடம்தான் சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பி வந்து குனிந்து பார்த்தார். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எண்ணாக, விரலை வைத்துத் திருப்பிச் சொன்னார்.

"கரீட்டா கீது மேடம். நீங்க கெளம்புங்கோ."

கிளம்பினேன்.