பின் ஒழுங்கையில் ஆட்டிய தலை

மொன்றியல்,
வைகாசி, வியாழக்கிழமை

அன்புத் தங்கச்சி யோகராணிக்கு,

அண்ணை எழுதுகிறேன். ஓம், நானேதான்! மருமகள் துஷாந்தினி குளிர்காலம் முழுக்கப் பக்கத்தில் இருந்து எழுத்துச் சொல்லித் தந்தாள். உன் பெயரை எழுதிவிட்டுக் கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரி ஏறி இறங்கினால் சிரிக்காதே.

இங்கே பனி கரைந்துவிட்டது. உன் முழங்கால் நோ எப்படி? எண்ணெய் பூசு.

போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது. மேல் வீட்டில் கிறகரி என்றொருவர், ஹெய்ட்டித் தீவுக்காரர். என் அரிசி மூட்டையைக் கண்டால் கேளாமலே தூக்கிக்கொண்டு படியேறுவார். போன கிழமை வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஒடுங்கிய ஒழுங்கையில் அவரும் இன்னொருவரும் கத்தி வீசக் கண்டேன். பதறித் தெருவுக்கு ஓடிப் பொலிஸ் வாகனத்தை மறித்து ஒழுங்கைக்குக் கூட்டிவந்தேன். பொலிஸ்காரர் கிறகரியின் முதுகைக் கைகாட்டி ஏதோ கேட்டார். எனக்குப் பிரெஞ்சு எங்கே விளங்கும்? தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் ஓடிவந்தேன். சன்னலால் பார்த்தால், கிறகரி சுவரில் கை வைத்தபடி நிற்கிறார். மரக்கத்திகள் என்று கண்டபின் விட்டுவிட்டார்கள்.

அடுத்த நாளும் என் மூட்டையைத் தூக்கினார். படியில் நின்று மருமகளுக்கு எல்லாம் சொன்னார்; அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். அவருடைய முன்னோரைக் கரும்பு வெட்ட அடிமைகளாகக் கொண்டுபோனார்களாம். அந்தக் கரும்புக் கத்தியாலேயே, எசமானுக்குத் தெரியாமல் சண்டை பழகினார்களாம். இன்றைக்கும் விடவில்லை; இங்கே பூங்காவில் பெண்களும் பழகுகிறார்களாம். எதிரே நிற்பவரை வணங்கிய பிறகுதான் கத்தி தூக்குவார்களாம். அந்த வணக்கம் முடிந்த பிறகுதான் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். பொலிசைக் கூப்பிட்ட பயந்தாங்கொள்ளி அகப்பட்டால் அவன் கையிலும் ஒரு மரக்கத்தியைக் கொடுத்து ஆடவிடுவேன் என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன், தங்கச்சி.

அன்றைக்கு ஊராரை வரிசையில் நிறுத்தினபோது, சாக்கால் முகத்தை மூடி நின்ற ஒருவன் தலையாட்டியதால்தான் உன் வீட்டுக்காரரை ஆமி கொண்டுபோனது. அவன் நாசமாய்ப் போக வேண்டும் என்று உன் முற்றத்தில் நின்று மண் அள்ளித் தூற்றியவன் நான். என் முகத்தில் சாக்கு இருக்கவில்லை. வேறென்ன வித்தியாசம்?

சனிக்கிழமை பூங்காவுக்கு வரச் சொல்லியிருக்கிறார். மருமகளைக் கூட்டிக்கொண்டு போய், அவர் வணங்கிக் கத்தி தூக்குமுன் சொல்லிவிடுவேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். பிறகு மூட்டையை நானே தூக்க வேண்டி வரலாம். தூக்குவேன்.

நீ பதில் எழுது. மன்னித்தேன் என்று எழுதக் கேட்கவில்லை. அண்ணை என்று தொடங்கினால் போதும். எழுத்துக் கூட்டி நானே வாசிப்பேன்.

உன் பிள்ளைகள் ஒரு குறையுமில்லாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அரியரத்தினம்