பிப்ரவரிக்குப் போய்விட்ட போன்

அல்வராதோ
அக்டோபர் 16

என் தங்க மகள் ஒராலியாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கடவுள் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முதல் நாளே எனக்குச் சொல்லிவிடுகிறது. வின்னிபெக்கில் அதற்குள் பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை நன்றாக மூடிக்கொண்டு வேலைக்குப் போ, குளிர் காதுவழியாகத்தான் உள்ளே இறங்கும். முந்தாநாள்தான் போனில் ஒரு மணி நேரம் பேசினோமே, பிறகு எதற்கு இந்த அம்மா காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். முந்தாநாள் நான் மீன் சந்தையின் நடுவில் நின்றுகொண்டு பேசினேன், சுற்றி இருபது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பக்கத்திலேயே உன் அப்பா வேறு. பாதி விஷயம் தொண்டையிலேயே நின்றுவிட்டது. உனக்கு அனுப்பும் துணிப் பெட்டிக்குள் இந்தக் கடிதத்தையும் மடித்து வைக்கிறேன், தனியாக இருக்கும்போது படி.

மூன்றாம் தேதி நீ மெசேஜ் அனுப்பினபோது நான் கடையில் பிக்காதா ரொட்டிக்குச் சோள மாவு தட்டிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு, புறங்கையால் போனைத் தட்டித்தான் படித்தேன். அம்மா, லைல் என்னைக் கல்யாணம் பண்ணிக்கக் கேட்டிருக்கான், உங்களக் கேட்டுட்டுதான் பதில் சொல்வேன்னு சொல்லியிருக்கேன், என்ன சொல்றீங்க என்று இருந்தது. அதற்கப்புறம் நான் தட்டினது எதுவும் வட்டமாக வரவில்லை, வாடிக்கைக்காரர்கள் என்ன அக்கா இன்னைக்குப் படகு மாதிரி இருக்கு என்று கேலி செய்தார்கள். உடனே பதில் போட்டிருக்கலாம். ஆனால் உன் அப்பா ஏரியிலிருந்து வரட்டும், இரண்டு பேரும் சேர்ந்து சொல்வதுதான் முறை என்று இருந்துவிட்டேன். சாயங்காலம் அவர் வந்தார், விஷயத்தைச் சொன்னேன். பனி வாரும் வண்டி ஓட்டுறவனுக்குத் தோள் பலமாத்தான் இருக்கும், வலை இழுக்க ஆகும் என்று சிரித்தார். அந்தப் பையன் படத்த ஒரு தடவ நல்லா பாக்கணும் என்று போனை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனவர் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் திரும்பக் கொடுத்தார். அவருடைய போன் செப்டம்பரில் ஏரிக்குள் விழுந்தது உனக்குத் தெரியும், பெரிய கொடுவா மீன் ஒன்றைப் படம் எடுக்கப் போய் மீனும் போச்சு போனும் போச்சு. அதிலிருந்து என் போன்தான் வீட்டுக்கே போன்.

அப்புறம் உட்கார்ந்து உனக்கு எழுதினேன். ரொம்ப சந்தோஷம், சரின்னு சொல்லிடு, எங்க ரெண்டு பேர் ஆசீர்வாதமும் உண்டு என்று எழுதி, உன் கல்யாணத்துக்கென்று பீரோவில் வைத்திருந்த வெள்ளைப் பின்னல் துணியை எடுத்துக் கட்டிலில் விரித்துப் படம் எடுத்து அதையும் அனுப்பினேன். படத்தின் மேல் ஒரு வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் எப்போதும் வரும் சரி குறிக்குப் பதிலாக ஒரு சின்னக் கடிகாரம் வந்தது. சிரிக்காதே, அந்தக் கடிகாரத்துக்கு உனக்கு இப்போது நேரமில்லை என்று அர்த்தம் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெண்ணுக்கு வேலை இருக்கும், நேரம் கிடைத்தால் பார்ப்பாள் என்று முதல் நாள் நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டாம் நாளும் கடிகாரம். மூன்றாம் நாளும் கடிகாரம். கல்யாணம் என்று கேட்டவளுக்குப் பதிலைப் பார்க்க மூன்று நாளாக நேரமில்லையா என்று எனக்குப் புகைய ஆரம்பித்தது. செலா சித்தி தினமும் அனுப்பும் ரோஜாப்பூ காலை வணக்கம்கூட வரவில்லை, அவளுக்கு ஒருவழியாக அலுத்துவிட்டது என்று அதற்கு நன்றி சொன்னேனே தவிர, போனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று என் மரமண்டைக்கு எட்டவில்லை. பக்கத்துக் கடைக்காரி, என் போன்லேர்ந்து கூப்பிடேன் என்று இரண்டு தடவை நீட்டினாள். நான்தான் வீம்பாக வேண்டாம் என்றேன். பதில் சொல்ல வேண்டியது அவ, நான் ஏன் கெஞ்சணும் என்றேன். இந்த வீம்பு நம் வீட்டுச் சொத்து, உனக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது.

பதினோராம் நாள் மனசு தாங்காமல் மீன் சந்தை வாசலில் போன் பழுது பார்க்கும் சுலேமாவிடம் போனேன். உன்னோடு ஆறாம் வகுப்பு படித்தாளே, பல்லில் கம்பி போட்டிருந்தவள், அவள்தான். உன் அப்பாவும் கூட வந்தார், வர வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சுலேமா முதலில், அம்மா, ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா என்றாள். அதைத் தவிர நான் வேற வேலையே பாக்கலடி என்றேன். இண்டர்நெட் இருக்கிறதா என்று பார்த்தாள், இருந்தது. போனில் இடம் இல்லாமல் படம் போகவில்லையோ என்று பார்த்தாள், சித்தியின் பழைய ரோஜாப்பூக்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. இது போன் இல்ல, பூந்தோட்டம் என்று சொல்லிவிட்டு எல்லாவற்றையும் வழித்து எறிந்தாள். அப்புறமும் வளையம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. ஆப்பை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடேன் என்று பக்கத்தில் இறால் வாங்க வந்தவன் ஒருவன் யோசனை சொன்னான். எடுத்தா அம்மா எழுதினதெல்லாம் போயிடும், நீ உன் இறாலப் பாரு என்று அவன் வாயை அடைத்தாள். பிறகு போனை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அம்மா, இன்னைக்கு என்ன தேதி என்று கேட்டாள். பதினாலு என்றேன். எந்த மாசம் என்றாள். அக்டோபர்தான், உனக்குக்கூடவா தெரியாது என்றேன். உங்க போன்ல பிப்ரவரி இருபத்தொண்ணு, அதுவும் அடுத்த வருஷம் என்றாள்.

மணி சரியாக இருந்தது, தேதிதான் ஓடிப்போயிருந்தது, அதை யார் பார்க்கிறார்கள். போன் ஒரு காலத்திலும் செயலி வேறு காலத்திலும் இருந்தால் செயலி நம்பாது, கதவைச் சாத்திக்கொள்ளும், உள்ளே இருப்பது வெளியே போகாது, வெளியே இருப்பது உள்ளே வராது, அதன்வழி யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காது என்று சுலேமா விளக்கினாள். இது தானா மாறாது, யாரோ கை வெச்சிருக்காங்க என்றாள். நான் திரும்பினேன். உன் அப்பா தூண்டில் முள் கடைப்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தார். செலெரீனோ, இங்க வா என்றேன். வந்தார். படம் பார்க்க வாங்கின அன்று என் போனில் பழம் அடுக்கும் விளையாட்டு ஆடியிருக்கிறார், அதில் ஐந்து உயிர் கொடுப்பார்களாம், தோற்றால் உயிர் போய்விடுமாம், மறுபடி உயிர் வரும்வரை காத்திருக்க வேண்டுமாம். தேதிய ஒரு நாள் தள்ளி வெச்சா உடனே அஞ்சு உயிரும் வந்துடுது அம்பாரோ, முன்னல்லாம் ஆடி முடிச்சதும் திருப்பி வெச்சிடுவேன், அன்னைக்கு ஒரு கட்டம் தாண்டவே இல்ல, அவசரத்துல மாசக் கணக்குல தள்ளித் தள்ளி எந்த நாள்ல இருக்கோம்னே மறந்துபோச்சு என்றார். மாமா, நீங்க மீன் பிடிக்கிறீங்களா, உயிர் பிடிக்கிறீங்களா என்று சுலேமா கேட்டாள். சந்தையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளாக உன் அப்பாவுக்குப் பாலாடைக்கட்டி தூவாத பிக்காதாதான், அதையும் தட்டை வழித்துச் சாப்பிடுகிறார்.

சுலேமா தேதியைத் திருத்தப் போனவள் விரலை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னாள். அம்மா, இத மாத்தின அடுத்த நிமிஷம் தேங்கிக் கிடக்கிறதெல்லாம் ஒண்ணா கெளம்பிடும், ஒரு தடவ படிச்சுப் பாத்துக்கோங்க, வேண்டாததை இப்பவே எடுத்துடலாம், எடுத்தது அவளுக்குத் தெரியவே தெரியாது என்றாள். அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து பதினோரு நாளில் நான் எழுதின இருபத்தேழையும் படித்தேன். முதல் நாள் எழுதினவளும் ஒன்பதாம் நாள் எழுதினவளும் ஒரே பொம்பளைதானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. ஒன்றை மட்டும் எடுத்துவிட்டேன். ஏண்டி பதில் இல்ல, ராணிக்கு ரொம்ப வேலையோ என்றெல்லாம் எழுதினதை விட்டுவிட்டேன், அது அம்மா வாய், உனக்குப் பழக்கம்தான். சரி, மாத்து என்றேன்.

கூண்டைத் திறந்துவிட்ட கோழிக்கூட்டம் மாதிரி எல்லாம் பறந்தது. அதே நேரம் உன்னுடையவை வந்து விழுந்தன. படிச்சீங்களா அம்மா. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிடுங்க. அப்பாவாவது பேசச் சொல்லுங்க. கடைசியாக, லைல்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன், அம்மா மனசு இல்லாம எனக்கு எதுவும் வேண்டாம். அதை உன் அப்பா காதில் விழப் படித்தேன். ஒரு விளையாட்டில் ஐந்து உயிர் சம்பாதிக்கப் போய் என் பெண்ணின் வாழ்க்கையைத் தொலைத்தோமே என்று உன் அப்பா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார், நான் திட்டவில்லை, அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட வரவில்லை. அப்போதுதான் நீ கூப்பிட்டாய். அம்மா, உசிரோடதான் இருக்கீங்களா என்று நீ கேட்டதும் நான் அழுததும் நீ அழுததும், லைலுக்குச் சரி சொல்லி ஜனவரியில் இங்கே வந்து கல்யாணம் என்று முடிவானதும் உனக்குத் தெரிந்ததுதான். உனக்குத் தெரியாதது, இறால் நிறுத்துக்கொண்டிருந்தவளும் அழுதாள், வாங்க வந்தவனுக்குக் கால் கிலோ கூடுதலாகப் போய்விட்டது.

லைல் நல்லவன். வேண்டாம் என்று சொன்ன பெண்ணின் வீட்டு வாசலில் தினமும் பனியை வாரிவிட்டுப் போயிருக்கிறான், அது ஒன்றே எனக்குப் போதும். பெயர்தான் தும்மல் மாதிரி இருக்கிறது, பழகிக்கொள்கிறேன். அன்று நீ அவனிடம் போனைக் கொடுத்தபோது நம் பாஷையில் நான் நல்லவன் என்று சொல்ல நினைத்து, அம்மா, நான் ருசியானவன் என்று சொன்னானே, ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், சந்தை முழுக்கக் கேட்டது. இப்போது ஊரில் அவனுக்கு அதுதான் பெயர். ஜனவரியில் ருசியானவன் எப்போ வர்றார் என்று மீன்காரிகள் இரண்டு நாளாக என்னைக் கேட்கிறார்கள். அவனிடம் சொல்லாதே, வந்து தானாகத் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது அந்தத் தொண்டையில் நின்ற விஷயம். நான் எடுத்துவிட்டது ஒன்பதாம் நாள் எழுதினது. உன் கல்யாணத்துக்கு என்னை எதிர்பாக்காதே, எனக்கு ஒரே ஒரு மக இருந்தா, அவளக் குளிர் தின்னுடுச்சுன்னு ஊர்ல சொல்லிக்கிறேன் என்று எழுதியிருந்தேன். எழுதின கையை வெட்டிப் போடலாம். உனக்குத் தெரியவே தெரியாது என்று சுலேமா சொன்னாள், ஆனால் எனக்குத் தெரியும், அதை வைத்துக்கொண்டு உனக்குத் துணி தைக்க என்னால் முடியவில்லை. அதனால் சொல்லிவிட்டேன், மன்னித்துவிடு. உன் பக்கத்திலிருந்து வந்தவற்றில் இந்தச் செய்தி நீக்கப்பட்டது என்று மூன்று இடத்தில் இருந்தது. அந்த மூன்றிலும் என்ன இருந்தது என்று நான் கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே. என் மகளுக்கு என் வாய் அப்படியே வந்திருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். ஆனால் நான் ஒன்றை அழிக்க ஒருத்தி தன் விரலை நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நீ மூன்றை நீயாகவே அழித்திருக்கிறாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை.

பெட்டியில் இருக்கும் முக்காட்டை இருட்டில் வைக்காதே, மஞ்சள் பூக்கும். கல்யாண உடுப்பை இங்கே நான்தான் தைக்கிறேன், உன் இடுப்பளவை ஒழுங்காக அளந்து அனுப்பு, மெலிந்த மாதிரி பொய் அளவு அனுப்பாதே. லைலின் பிறப்புச் சான்றிதழை நம் பாஷையில் மொழிபெயர்த்து முத்திரை வாங்கிக்கொண்டு வரச் சொல், அது இல்லாமல் பதிவாளர் கையெழுத்து வைக்கமாட்டார். அப்பா தன் முத்தங்களையும் எழுதச் சொல்கிறார். கன்னி மரியாள் உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கை வைத்துக் காக்கட்டும், நீங்கள் போகிற பாதையில் பனி வழிவிடட்டும்.

உன்னை அணைத்துக்கொண்டு,
உன் அம்மா
அம்பாரோ