கலைந்த படுக்கை

செப்டெம்பர் 2006, ஞாயிறு இரவு

ஏட்ரியாட்டிக் கடற்கரையில் ஒரு கிழமை ஹொட்டேலில் தங்கிவிட்டு இன்று பின்னேரம் மொன்றியலுக்கு, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கடல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் அறையைத் துப்புரவாக்க வந்த பெண்ணின் முகம் மனதை விட்டுப் போகவில்லை.

இங்கே எனக்கும் ஒரு ஹொட்டேலில் அதே வேலை. கை சும்மா இருக்குமா? அங்கேயும் தினமும் படுக்கையைச் சரிசெய்து, குளியலறையைத் துடைத்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன். "இஞ்சை வந்தும் உந்த வேலையோ? தீவு பாக்கிற படகு வெளிக்கிடப் போகுது, வாருமப்பா!" என்று இவர் கத்துவார்.

புதன்கிழமை அந்தப் பெண் வாசலில் நின்று, தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்: "என் வேலை பிடிக்கவில்லையா? மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள்."

"நல்ல வேலை, நல்ல வேலை" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

மறுநாள் படுக்கையைக் கலைந்தபடியே விட்டுவிட்டுப் போனேன். படகில் வழிகாட்டி எந்தத் தீவைக் காட்டினாலும் அந்தக் கசங்கிய விரிப்புத்தான் கண்ணுக்குள் நின்றது. திரும்பி வந்தபோது எல்லாம் விரித்திருந்தது. ஒரு மூலையை மட்டும் அவள் சரியாக மடிக்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இங்கே எங்கள் படுக்கை, விமானத்துக்கு ஓடிய அன்று விட்டபடியே கிடக்கிறது. விடிந்தால் வேலை. இன்றைக்கு இதை நானும் தொடப்போவதில்லை.