கில்பிரானக் நீதிமன்றத்தில் வசிப்போர்

கில்பிரானக்,
மார்ச் 12, 2000. ஞாயிறு மாலை.

அன்புள்ள ஃபின்டன் அண்ணனுக்கு,

தங்கை டெர்வ்லா எழுதுவது. நாங்கள் மூவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். அம்மாவுக்கு இடுப்பு வலி மட்டும் உண்டு. மூட்டை கட்டுவதை நிறுத்தினால் குறையும், நிறுத்தமாட்டாள். பாஸ்டனில் இன்னும் பனி விழுவதாக எழுதியிருந்தாய். சாரத்தில் ஏறும்போது கவனமாக இரு.

உன் கடிதம் செவ்வாயன்று வந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். "டிகிரி வாங்கினவ ஒருத்தி" என்ற இடம் வந்ததும் ஒரு முறை இருமிவிட்டு அடுத்த பாராவுக்குத் தாவினார். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் வெளியே போனதும் தாளை எடுத்து மிச்சத்தைப் படித்தேன். "டிகிரி வாங்கினவ ஒருத்தி வீட்லயே இருக்கா, அதே ஆபீஸ்ல வேலையும் பாக்கறா, அவ இருந்துமா இப்படிக் கோட்டை விட்டீங்க?" என்று கேட்டிருக்கிறாய்.

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் கோர்மாக் மாமா வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் நிற்கும் மாமாவின் பழைய கேரவன் வண்டி வீட்டில் மழை ஒழுகுகிறதா என்று பார்க்க. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குப் பிறகு அதுதான் நமக்கு இடம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். சில பகுதி உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்.

சட்டம் வந்ததும் நாட்டில் உள்ள நீதிமன்றக் கட்டிடங்கள் எல்லாம் மாவட்ட மன்றங்களின் கையிலிருந்து புதிய வாரியத்துக்குப் போவதென்று ஆனது. நம் மாவட்டத்தில் ஒன்பது கட்டிடங்கள். போன ஆகஸ்டில் நான் மாவட்ட மன்றத்தின் சொத்துப் பிரிவில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தபோது என் மேசையில் வைத்த முதல் கட்டு அதுதான். ஒவ்வொரு கட்டிடத்துக்கும் ஒரு படிவம். பத்திரம் எங்கே, எத்தனை சாவி, கூரை எப்படி, நீதிபதி நாற்காலி எத்தனை, சாட்சிக் கூண்டு எத்தனை, பைபிள் எத்தனை. நம் கட்டிடத்துக்கு பைபிள் இரண்டு என்று அடித்தேன். ஒன்று நம் ஆட்களுக்கு, ஒன்று புராட்டஸ்டன்ட்காரர்களுக்கு. அந்த இரண்டாவதை யாரும் தொட்டுப் பதினாறு வருஷம் ஆகிறதென்று அப்பா சொன்னார்.

படிவத்தின் பதினான்காவது வரி: கட்டிடத்தில் வசிப்போர்.

எண்பத்தாறில் தீயணைப்பு அதிகாரி வந்து, பின்கட்டில் காப்பாளரான அப்பாவும் குடும்பமும் வசிக்கக்கூடாது என்று எழுதிவிட்டுப் போனதும், மன்றம் வேறு வீடு தருவதாகச் சொல்லிக் கடைசிவரை தராததும் உனக்கு நினைவிருக்கும். அன்று மன்றத்தின் சொத்துப் பிரிவிலிருந்து கான்ஸிடைன் வந்து அப்பாவிடம் சொன்னது வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். "யோவ் மாலக்கி, புத்தகத்துல இங்க ஆள் இல்ல. மழை பெய்யறப்ப நீ இங்கதான் இருப்ப. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காம பாத்துக்கய்யா, போதும்." அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரியிலும் அப்பா வருடாந்திரத் தாளில் "வசிப்போர்: எவருமில்லை" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார். பதின்மூன்று தாள். நம் வாக்காளர் பெயர் மாமா வீட்டு முகவரியில். மின்சாரம் நீதிமன்றத்தின் பெயரில்.

காலி நாட்களும் நினைவிருக்கும். மன்றத்திலிருந்து பொறியாளர் வருகிறார் என்று தபால்காரம்மா சொல்லியனுப்பினால் போதும். மெத்தைகள் கைதி அறைக்குப் போகும், அதன்மேல் சதுப்புக் கரி மூட்டை ஏறும். அம்மா கொடியில் கிடக்கும் துணியை ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு ஓடுவாள். நீயும் நானும் தபால் நிலையத்தில் உட்கார்ந்து, அவர் கார் கிளம்பும்வரை பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருப்போம். ஒரு தடவை கெண்டியை அடுப்பிலேயே விட்டுவிட்டாள் என்று அம்மாவை நீ மாதக்கணக்கில் கேலி செய்தாய்.

கல்லூரியில் எங்கே வீடு என்று கேட்டவர்களிடம், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் என்றுதான் சொல்லிவந்தேன். மூன்று வருஷமும் ஒருத்தியைக்கூட வீட்டுக்கு அழைத்து வந்ததில்லை.

படிவத்துக்கு வருகிறேன். கான்ஸிடைன் என் மேசைக்கு வந்து, "உங்கப்பன் விஷயம் எனக்குத் தெரியும்மா. வழக்கம்போலப் போட்டுரு. புதுசா வர்றவன்கிட்ட நாம எதுக்குப் பழைய கதையெல்லாம் சொல்லிக்கிட்டு?" என்றார். அப்பாவிடம் கேட்டேன். அவரும், "அதே மாதிரி எழுதுடா கண்ணு, எழுத்து மட்டும் உன்னோட எழுத்து மாதிரி அழகா இருக்கட்டும்" என்றார். எவருமில்லை என்று அடித்தேன்.

அண்ணா, படிவத்தோடு நான்கு பக்கக் குறிப்பு ஒன்று இணைத்திருந்தார்கள். சின்ன எழுத்து. ஆபீஸில் அதை யாரும் படிக்கவில்லை. நான் படித்தேன். எதையும் கடைசி வரிவரை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டென்று உனக்குத் தெரியும். கைமாறும் நாளில் ஒரு கட்டிடத்தில் காப்பாளர் குடும்பத்தோடு வசித்தால், முன் அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் தொடர்ந்து வசிக்கலாம். கட்டிடத்தை மூடினால் வாரியம் அவருக்கு வேறு வீடு தரவேண்டும் என்று அதில் இருந்தது. அனுமதி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

அதாவது அம்மாவும் அப்பாவும் அங்கே இருக்கிறார்கள் என்று எழுதினால் போதும். எழுதினால் கான்ஸிடைன் பதின்மூன்று வருஷம் பொய் சொன்னது தெரியும். என் வேலை தற்காலிகம். இதையெல்லாம் காரணமாகச் சொல்லலாம். அதைவிடச் சின்னக் காரணம் ஒன்றும் இருந்தது. எதிர் மேசையில் இரண்டு பெண்கள். கைதி அறைக்கு மேலே இருக்கும் அறையில்தான் டெர்வ்லா டூஹி தூங்குகிறாள் என்று அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் அவர்களுக்குத் தெரியவேண்டுமா என்று இருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், வாரியத்திலிருந்து நேரில் பார்க்க வருவார்களே, அப்போது சொல்லலாம் என்று விட்டேன்.

நவம்பரில் வந்தார்கள். டப்ளினிலிருந்து மிஸ் ஹெகார்ட்டி என்று ஒரு அம்மா. மன்றத்தின் சார்பில் சாவிக் கொத்தும் பட்டியலுமாக என்னை அனுப்பினார்கள். என் வீட்டைக் காட்ட நானே வாடகைக் காரில் வந்து இறங்கினேன், பார்.

வீட்டில் காலி நாள் நடந்து முடிந்திருந்தது. இவ்வளவு சுத்தமாக அம்மா எப்போதும் செய்ததில்லை. ஜன்னல் திரைகூட இல்லை. அடுப்பங்கரையில் பழைய வழக்குக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அப்பா ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கையில் தொப்பியோடு நின்றார். என்னைப் பார்த்து, "வாங்கம்மா, வணக்கம்" என்றார், முன்பின் தெரியாதவர் மாதிரி. கண்ணில் ஒரே குறும்பு.

ஹெகார்ட்டி அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பின்கட்டுக்கு வந்ததும் அடுப்பின் மேல் கையை வைத்தார். சூடாக இருந்தது. அப்பா உடனே, "தாளெல்லாம் ஈரம் பிடிச்சுரும்ங்க மேடம், அதுக்காகப் பத்தவெக்கிறது" என்றார். அந்த அம்மா சிரித்தார். பிறகு பேனாவை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "மிஸ்டர் டூஹி, இங்க யாராவது குடியிருக்காங்களா? இருந்தா சொல்லுங்க. இருக்காங்கன்னு சொன்னா அது அவங்களுக்கு நல்லதுதான்."

அதிகாரிகள் இப்படித்தான் இனிப்பாகப் பேசி வாயைப் பிடுங்குவார்கள் என்று அப்பாவுக்குப் பதின்மூன்று வருஷப் பாடம். "இங்கயா? எலிகூட ஒரு ராத்திரிக்கு மேல தங்காதுங்களே!" என்றார். அம்மா அப்போது தெருவைத் தாண்டித் தபால் நிலையத்தில் ஈரத்துணி மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஹெகார்ட்டி அம்மா என் பக்கம் திரும்பி, "பதினாலாவது வரியில மாத்தம் ஏதும் உண்டாம்மா?" என்றார். அந்த அறையில், அது பொறி இல்லை, கதவு என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா என்னைப் பார்த்தார். சொல்லிவிடாதே என்ற பார்வை. மாற்றம் இல்லை என்றேன். அவர் பேனாவைத் திறந்து, பின்கட்டு: கிடங்கு என்று எழுதிக்கொண்டார்.

ஜனவரியில் கட்டிடம் கைமாறியது. பிப்ரவரியில் கடிதம் வந்தது. கில்பிரானக்கில் இனி அமர்வு இல்லை, வழக்குகள் கூர்ட்டின் என்னும் நகரத்துக்கு மாற்றம், காலியாக உள்ள கட்டிடம் விற்பனைக்கு.

கடைசி அமர்வு சென்ற வியாழன் நடந்தது. பேக்கி லோஃப்டஸின் காளைகள் மறுபடி சாலைக்கு வந்துவிட்டனவாம். அபராதம் விதித்ததும் அவர் கூண்டிலிருந்து இறங்கிவந்து, "ஏன் மாலக்கி, இனிமே என் மாடு தப்பு பண்ணா நான் இருபது மைல் போய்த் திட்டு வாங்கணுமாய்யா? அதுங்களுக்கு வழி தெரியாதே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நீதிபதியும்தான். அப்பா சிரித்துக்கொண்டே பைபிள்கள் இரண்டையும் அட்டைப்பெட்டியில் வைத்து நாடா கட்டினார்.

செய்ய முடிந்ததை எல்லாம் செய்தோமா என்று கேட்பாய். ஆபீஸ் தொலைபேசியில் ஹெகார்ட்டி அம்மாவை அழைத்து, வேறு ஒரு மாவட்டத்தில் ஒரு குடும்பம் என்பதுபோலக் கேட்டேன். எந்த மாவட்டம் என்று அவர் கேட்கவில்லை. புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "அவங்க சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தா நான் எடுத்துட்டுப் போய்ப் பேசிப் பாப்பேன். ஆனா வருஷா வருஷம் அவங்களே ஆள் இல்லன்னு கையெழுத்துப் போட்டிருந்தா, அந்தத் தாளுக்கும் பதில் சொல்லணும்மா" என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் அடுப்பைக் கிளறிக்கொண்டே கேட்டார். "முப்பத்தோரு வருஷமா பைபிளை ஆளுங்க கையில குடுத்திருக்கேன். எவன் பொய் சொல்றான்னு கட்டைவிரலைப் பாத்தே சொல்லுவேன். இப்ப நானே அதைப் புடிச்சுக்கிட்டு, பதிமூணு தடவை போட்டது பொய்க் கையெழுத்துங்கன்னு சொல்லவா? அதுவும் கான்ஸிடைனையும் சேத்து இழுத்துவிட்டு? வேணாம்டா கண்ணு." மறுநாளும் கேட்டேன். அதே பதில்தான். மன்றத்தின் வீட்டு வரிசையிலும் போய்ப் பார்த்தேன். நாம் மாமா முகவரியில் இருப்பவர்கள், கூரை உள்ளவர்கள். அறுபத்துநான்காவது இடம்.

உனக்கு இதெல்லாம் நான் விளக்கவேண்டியதில்லை. ஆறு வருஷமாக நீயும் அந்த ஊரில் தாளில் இல்லாத ஆளாகத்தானே இருக்கிறாய். இதற்காகக் கிளம்பி வருகிறேன் என்று மட்டும் சொல்லாதே. வந்தால் திரும்பிப் போகமுடியாது. வந்தாலும் படுக்க இடமில்லை.

அந்தக் குறிப்பை நான் முன்பே படித்திருந்தேன் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஊரில் யாராவது, "என்ன மாலக்கி, ஆபீஸ்ல உம் பொண்ணு இருந்துமா?" என்று கேட்டால், "புள்ளைக்கு என்னய்யா தெரியும், நான்தான் அப்படி எழுதச் சொன்னேன்" என்கிறார். பால் கடையில் சொன்னார். கோயிலில் பாதிரியாரிடம் சொன்னார். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொல்கிறார், நான் கேட்கவேண்டும் என்பதற்காகவே சொல்கிறார். ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். ஹெகார்ட்டி அம்மா முன்னால் நின்ற மாதிரியே நின்றுவிட்டு வருகிறேன்.

ஆபீஸில் என்னை நிரந்தரமாக்கப் போகிறார்களாம். ஒன்பது கட்டிடத்தின் படிவமும் ஒரு திருத்தம்கூட இல்லாமல் போய்ச் சேர்ந்ததற்காகக் கான்ஸிடைன் பரிந்துரைத்திருக்கிறார். அப்பா அதைக் கேட்டுவிட்டுக் கடைக்குப் போய்க் கேக் வாங்கி வந்தார்.

உன்னிடம் சொல்லிவிட்டேன். திட்டவேண்டுமென்றால் திட்டு, ஆபீஸ் முகவரிக்கு எழுது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஞாயிறு நீ மாமா வீட்டுக்குப் போன் செய்யும்போது முதலில் அப்பாதான் எடுப்பார். டெர்வ்லா மேல் தப்பில்லை, எல்லாம் என்னால்தான் என்று உன்னிடமும் சொல்லுவார். நீ மறுத்துப் பேசாதே, அண்ணா. நான் எழுதியதையும் சொல்லாதே. என் மேல் பழி வராமல் காப்பாற்றுகிறோம் என்ற அது ஒன்றுதான் அவரிடம் மிச்சம் இருக்கிறது. சரிப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு, பாஸ்டனில் பனி எவ்வளவு என்று அவரிடம் சொல்லு. அவருக்குக் கேட்கப் பிடிக்கும்.

கடவுள் உன்னை உயரத்தில் வழுக்காமல் வைத்திருக்கட்டும்.

உன் தங்கை,
டெர்வ்லா