உன் பெயருக்கு எதிரே ஒரு கட்டம்

பாய்,

இன்று காலை உன் மேசையிலிருந்த மவுஸைப் பிடித்தேன். கடுக்காயை உடைத்துப் பார்த்த விரலோடு நீ பிடித்துப் பிடித்து ஏறிய கறுப்புக் கறை அப்படியே இருக்கிறது. துடைக்க வந்தவர்களை விரட்டிவிட்டேன்.

நம் மண்டியின் கொள்முதல் ரிப்போர்ட்டைத் திறந்தேன். கொள்முதல் ஆட்களின் வரிசையில், கடைசியில், பெயரே இல்லாமல் ஒரு வரி. நீ மலையிலிருந்து இறக்கிய கடுக்காயும் புளியும் மொத்தமாக அதற்கு எதிரே குவிந்து கிடந்தன. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாததால், கணக்குப் பார்க்கப் புதிதாக வந்த பெண் பட்டியலில் உன் பெயர் இருந்த வரியையே எடுத்திருக்கிறாள். "ஆளு இல்லீங்களே மாமா, பேரு இன்னாத்துக்குன்னு தூக்கிட்டேங்க" என்றாள்.

முதலாளியும் அதைப் பார்த்துவிட்டார். "ஆளே இல்லாத ரூட்டுக்கு லாரி எதுக்குய்யா? நாளையிலேர்ந்து நிறுத்திடு." லாரி ஏறாவிட்டால் அந்த மலைக்காரர்கள் மூட்டையைத் தலையில் சுமந்து இறங்க வேண்டும், இல்லையென்றால் வழியில் மடக்குகிறவன் சொல்லும் விலைக்குத் தள்ளிவிட வேண்டும். உன்னை நம்பி நம்மிடம் சரக்குப் போட வந்தவர்கள்.

பேருந்து நிலையத்துக்கு எதிர்மாடியில் நாம் இருவரும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனது நினைவிருக்கிறதா? பத்தாவதைப் பாதியில் விட்டவன் நான். ஆனாலும் மூளை அப்படி, டீச்சர் வாயைத் திறக்கும் முன்பே பாடம் புரிந்துவிட்டது. ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், கொள்முதல் ஆட்கள். ஆளுக்கு ஒரே வரி, ஒரு நம்பர். இன்னொரு டேபிளில் வந்த லோடுகள். அதில் அதே நம்பர் எத்தனை முறையும் வரலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. நான் நம்பரை விட்டுவிட்டுப் பெயருக்கும் பெயருக்கும் கோடு இழுத்தேன். நம்மிடம் இருந்த அண்ணாமலைகள் எல்லாரும் கலந்து, நைனார்பாளையத்து அண்ணாமலை வாங்கிய மக்காச்சோளம் மலை உச்சியில் போய் விளைந்தது.

"இன்னா மாமா, ஊரையே ஒரு அண்ணாமல கையில குடுத்துட்ட" என்றாய். வகுப்பே சிரித்தது. மற்றவர்களுக்குப் புரியட்டும் என்று வேண்டுமென்றே செய்ததுதான் அது.

நீ டீச்சரிடம் ஒன்று கேட்டாய். "ஏம்மா, ஒருத்தரு வேலைய வுட்டுப் போய்ட்டா அவரு வரிய அழிச்சுடலாமா?"

"அழிக்கவே கூடாதுங்க. அழிச்சா அவர் எடுத்த லோடெல்லாம் பேர் இல்லாம நிக்கும். பக்கத்துல 'நிலை'ன்னு ஒரு கட்டம் வெச்சு, இருக்காரா இல்லையான்னு எழுதிடுங்க."

வண்டியில் திரும்பும்போது சொன்னாய்: "பாத்தியா மாமா, ஆளு போனாலும் மூட்ட போவக் கூடாது." அந்தக் கேள்வியை நான் கேட்டதாகத்தான் ரிஷிவந்தியம் வரைக்கும் பேச்சு. நீயும் மறுத்ததில்லை.

இன்று மதியம் உன் வரியை அதே நம்பரோடு திரும்பச் சேர்த்தேன். பெயரில்லாத வரி மறைந்தது. மலை ஊர்களெல்லாம் உன் பெயருக்குக் கீழே வந்து உட்கார்ந்தன. 'இப்போது பார்ப்பவர்' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன். மிச்சம் இருந்தது அந்த நிலைக் கட்டம். முதலில் 'விடுப்பு' என்று அடித்தேன். மனசு ஒப்பவில்லை. அழித்துவிட்டு 'மலைக்குப் போயிருக்கிறார்' என்று அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

முதலாளி எப்போது பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை. "யோவ், அதெல்லாம் அதுல ஏத்தாத. உள்ளத எழுது, லாரி போவட்டும்" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

உன் ஜனாஸா ஊர்வலத்துக்குக் கள்ளக்குறிச்சியே கடையடைத்தது, கடைத்தெருவில் எறும்பு நுழைய இடமில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவருகிறேன். உன் விஷயத்தில் எதையும் குறைத்துச் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு. அந்தக் கட்டத்தில் மட்டும் 'இல்லை' என்று அடித்தேன்.

நாளைக்கு லாரியின் முன்சீட்டில் நான் ஏறுகிறேன். வெள்ளிமலை தாண்டியதும், சேதி தெரியாதவர்கள் ஓடிவந்து, "பாய் வரலீங்களா?" என்று கேட்பார்கள். இப்போதிருந்தே பதிலை ஜோடித்துப் பார்க்கிறேன், பாய். 'இல்லை' என்ற அந்த ஒரு சொல்லோடு எதுவும் ஒட்டமாட்டேன் என்கிறது.

மாமா